தோட்டத்தை விட்டுப் போன பிள்ளைகளுக்கு ஒரு மழைக்கால மடல்

கொழும்புக் கடைகளிலும் கட்டுநாயக்க கார்மெண்ட்களிலும் குவைத், கட்டார் வீடுகளிலும் வேலை பார்க்கும் கேகாலை, இரத்தினபுரித் தோட்டத்துப் பிள்ளைகளே,

நலம், நலமறிய ஆவல். கடிதம் என்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று நமக்கு யார் சொல்லித் தந்தார்களோ! காய்ச்சலில் கிடந்தவரும் இப்படித்தான் தொடங்கினார், கைமாற்றுக் கேட்டு எழுதியவரும் இப்படித்தான் தொடங்கினார். ஒரு மாஸ்டராக இருந்துகொண்டு அந்த முறையை நான் மீறக்கூடாது.

இங்கே ஐப்பசி மழை. பகல் திரும்பியதும் இடி முழங்கத் தொடங்கி, பொழுது சாய்ந்தபின் கொட்டித் தீர்க்கிறது. ராத்திரி பெய்த மழையில் இறப்பர் மரங்கள் ஊறி நிற்பதால், விடியற்காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகிறவர்கள் கத்தியையும் வாளியையும் தூக்கிக்கொண்டு அப்படியே வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பி வருகிறார்கள். நனைந்த பட்டையில் வெட்டினால் பால் கோடு பிடித்துச் சிரட்டைக்குள் இறங்காது, மரத்தோடு பரவி வழிந்து மண்ணுக்குப் போய்விடும். மரத்தின் இடுப்பில் பொலித்தீனைக் கட்டி மழையைத் தடுக்கிற ஏற்பாடு எல்லாத் தோட்டத்திலும் இல்லை, இருக்கிற இடத்திலும் எல்லா மலைக்கும் கட்டி முடிப்பதில்லை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை விழுகிறது. அந்த மழையில் எத்தனை பேர், அதாவது எத்தனை நாள் சம்பளம், கரைந்தது என்பது தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலைப் பார்த்தால் தெரியும்.

பேர் விழாத நாளில் லயத்து வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து மழையைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. சும்மா இருந்தால் யோசனை வரும். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. மனிதர்கள் ஏன் கைகுலுக்குகிறார்கள், பிறந்தநாளுக்கு ஏன் மெழுகுதிரியை ஊதி அணைக்கிறார்கள், பண்டிகைக்கு ஏன் ஒரு படம் போட்ட அட்டையை விலை கொடுத்து வாங்கித் தபாலில் போட்டார்கள் என்கிற மாதிரி யோசனைகள்தான். இந்த மழைக்கு என்னைப் பிடித்துக்கொண்டது வாழ்த்து மடல்.

அது தொடங்கியது ஒரு கொப்பியில். பக்கத்துக் காம்பராப் பிள்ளை இங்கிலீஷ் பாடத்துக்கு நான்கு பருவங்களை வரைந்துகொண்டிருந்தாள். ஒக்டோபர் என்று எழுதி, சிவப்பிலும் மஞ்சளிலும் இலைகள் விழுவதைப் போல் வரைந்தாள். நான் வெளியே பார்த்தேன். பச்சையைத் தவிர வேறு நிறம் கண்ணில் படவில்லை. “மாஸ்டர், நம்ம ஊர்ல இலை எப்ப விழும்?” என்று கேட்டாள். தை மாசம் வரைக்கும் பொறு, கூட்டிக் கூட்டி உன் இடுப்பு ஒடியும் என்றேன்.

நமக்கும் இலையுதிர் காலம் உண்டு, பிள்ளைகளே. அட்டன், நுவரெலியாப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், தேயிலைச் செடி என்றைக்கு இலை உதிர்த்தது? இறப்பர் உதிர்க்கும். தை பிறந்த கொஞ்ச நாளில் மலை முழுவதும் செம்பு நிறமாக மாறும். பிறகு ஒரு காற்றுக்கு ஆயிரம் இலை என்று கொட்டும். வருஷம் முழுக்க இருட்டாகக் கிடந்த ரோட்டில் திடீரென்று வானம் தெரியும். சருகில் நடந்தால் அடுத்த லயத்துக்குச் சத்தம் கேட்கும். பால் குறையும், சில மலைகளில் வெட்டையே நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். மாசியில் புதுத்தளிர் வரும், அதுவும் முதலில் செம்பு நிறம்தான், பிறகுதான் பச்சை. அந்தத் தளிரை வெள்ளைப் பூசணம் பிடித்து உதிர்த்துவிடாமல் இருக்கக் கந்தகத்தூள் அடித்த காலத்தை உங்கள் தாத்தாமார் சொல்லியிருப்பார்கள். 2019க்குப் பிறகு வட்டப் புள்ளி விழுகிற ஒரு பூசண நோய் வந்து, பருவம் இல்லாத பருவத்திலும் இலையைக் கொட்டவைக்கிறது. அதை யாரும் நின்று ரசிப்பதில்லை.

அப்படி ஒரு காட்சி நம் வாசலிலேயே இருக்க, அவிசாவளைக் கடையிலும் இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டுக் கடையிலும் நாம் வாங்கிய வாழ்த்துக் காட்களில் என்ன படம் இருந்தது? பனி மூடிய வீடு. கனடா நாட்டு மேப்பிள் இலை. பொங்கல் காட் என்றால் கரும்பு, கொம்பு சீவிய மாடு, நெற்குவியல், இல்லாவிட்டால் சினிமா நட்சத்திரம். செம்பு நிற இறப்பர் மலையை அச்சடித்த ஒரு காட்டை என் வயதுக்கு நான் பார்த்ததில்லை.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று தேடினால் ஒரு நேரமில்லாத மனிதரிடம் போய் நிற்கிறது. லண்டனில் ஹென்றி கோல் என்று ஓர் அதிகாரி இருந்தார். 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. தபால் மலிவானதும் நத்தாருக்கு வாழ்த்துக் கடிதங்கள் அவர் வீட்டில் வந்து குவிந்தன, பதில் போட அவருக்கு நேரமில்லை. 1843இல் ஜோன் ஹோர்ஸ்லி என்ற ஓவியரைப் பிடித்து ஒரு படம் வரையச் சொல்லி, 1,000 அட்டை அச்சடித்து, பெயரை மட்டும் எழுதி அனுப்பினார். மிச்சத்தை ஒரு ஷில்லிங் வீதம் விற்றார்கள். ஒரு ஷில்லிங் என்பது பன்னிரண்டு பென்னி, ஒரு காட்டின் விலைக்குப் பன்னிரண்டு கடிதம் போடலாம். வேலை மிச்சம் பிடிக்கப் பிறந்த பொருளை அன்புக்கு அடையாளமாக உலகம் ஏற்றுக்கொண்டது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

உறையில்லாத தபால் அட்டை 1869 ஒக்டோபர் 1ஆம் திகதி ஆஸ்திரியா-ஹங்கேரியில் வந்தது. உலகத் தபால் ஒன்றியம் 1874 ஒக்டோபர் 9ஆம் திகதி பேர்ன் நகரில் உருவானது. ஐரோப்பாவில் இலை விழுகிற மாதத்தில்தான் தபால்காரருக்கும் நல்ல காலம் பிறந்திருக்கிறது. அந்த ஒன்றியத்தின் விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. அந்தக் காலத்தில் அச்சடித்த வாழ்த்து மடலைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப முடிந்தது, ஆனால் உறையை ஒட்டக்கூடாது, கையால் எழுதுகிற வாழ்த்து ஐந்து சொல்லைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அது கடிதம், கடிதத்துக்குரிய முத்திரை ஒட்ட வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள், உலகம் முழுக்க மனிதர்கள் பண்டிகைக்கு ஒரே மாதிரிச் சுருக்கமாக வாழ்த்தியதில் கொஞ்சமாவது முத்திரைக் காசை மிச்சம் பிடித்ததால் வந்தது. நம் ஆட்கள் விடுவார்களா? ‘மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் பொங்கல் வாழ்த்து’ என்று எண்ணிப் பாருங்கள், சரியாக ஐந்து. குடும்பமே உள்ளே வந்துவிட்டது.

ஒட்டாத உறைக்குத் தோட்டத்தில் வேறொரு விளைவு இருந்தது. தோட்டத்துக்கு வரும் தபால் நேராக லயத்துக்கு வந்ததில்லை. தோட்டம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற தபால்காரர் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டவுன் தபால் கந்தோருக்குப் போவார். பை நேரே துரையின் ஆபீசுக்கு வரும். அங்கே கிளாக்கர் பிரிப்பார். பங்களாத் தபால் ஒரு பக்கம், ஸ்டோருக்கு ஒரு பக்கம், ஆட்களுடையது ஒரு மூலை. பிறகு கணக்கப்பிள்ளை கையிலோ பெரட்டுக் களத்திலோ வந்து, பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். இதற்குள் ஒட்டாத காட்டை ஆபீசில் பாதிப்பேர் பார்த்திருப்பார்கள். யாருக்குக் கொழும்பில் இருந்து வந்தது, யாருக்கு இந்தியாவில் இருந்து வந்தது, எந்தப் பையன் எந்தப் பிள்ளைக்குப் பூப்போட்ட காட் அனுப்பினான் என்பதெல்லாம் வீட்டுக்குத் தெரிவதற்கு முந்தியே டிவிசனுக்குத் தெரியும். கலியாணம் நின்றதும் உண்டு, கலியாணம் முடிந்ததும் உண்டு.

வாசிக்கத் தெரியாத வீட்டில் காட் சுவரில் போய் நிற்கும். சாமிப் படச் சட்டத்தின் இடுக்கில் செருகி வைத்திருப்பார்கள். தகரப் பெட்டிக்குள் சேலைக்கடியில் வைத்தவர்களும் உண்டு. அடுத்த பொங்கலுக்குப் புதியது வந்தாலும் பழையதை எடுத்துப் போடுவதில்லை, அதன் முன்னால் செருகுவார்கள். முருகனைச் சுற்றி எம்.ஜி.ஆரும் கரும்பும் மாடும் நிற்கிற சுவர்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அந்தச் சுவரில் அதிகமாக இருந்தவை கடல் தாண்டி வந்தவை. அதற்குக் காரணமும் ஓர் ஒக்டோபரில்தான் இருக்கிறது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் டில்லியில் கையெழுத்துப் போட்டார்கள். நாடில்லாமல் இருந்த நம் ஆட்கள் 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். அரைவாசியாக வெட்டப்பட்டவை குடும்பங்கள் என்பது ஒப்பந்தத்தில் இல்லை. அண்ணன் இங்கே, தங்கச்சி அங்கே. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் பலர் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் தேயிலைக்குப் போனார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். நம் பக்கத்து ஆட்கள் பலர் போன இடம் பேசப்படுவது குறைவு. பால்வெட்டுத் தெரிந்தவர்கள் கேரளத்தின் புனலூருக்கும் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பக்கமும் போனார்கள். திரும்பிப் போனவர்களுக்கென்றே அங்கே அரசு இறப்பர் தோட்டங்களை உண்டாக்கியது. புனலூரில் அதற்கான நிறுவனம் 1976இல் அமைந்தது.

எட்டியாந்தோட்டையில் விட்ட கத்தியைச் சுள்ளியாவில் எடுத்தார்கள். அதே மரம், அதே சாய்ந்த வெட்டு, அதே ஒட்டுப்பால். பாஷை மட்டும் கன்னடம். அங்கேயும் தை மாசத்தை ஒட்டித்தான் இலை விழும். பொங்கல் காட்டுக்குள் ஒரு வரி, ‘இங்கும் இலை கொட்டி விட்டது’ என்று. அந்தக் காட்டைப் பெரட்டுக் களத்தில் வாங்கி, என்னிடம் கொண்டு வந்து வாசிக்கச் சொன்ன ஓர் ஆச்சி அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். மகள் சுகமா, பேரன் பள்ளிக்கூடம் போகிறானா என்று அதில் இல்லை. இலை கொட்டியதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. எனக்கு அப்போது அது புரியவில்லை, இப்போது மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில் கொஞ்சம் புரிகிறது.

எல்லாக் காட்டும் வந்து சேரவில்லை. 1977இலும் 1981இலும் 1983இலும் இனக்கலவரங்களில் சப்ரகமுவத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது எத்தனையோ குடும்பங்கள் இரவோடிரவாக வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. அவர்களுக்கு வந்த மடல்கள் பழைய தோட்டத்து ஆபீசில் கிடந்து பழுத்தன. திருப்பி அனுப்ப அனுப்பியவர் விலாசம் எழுதியிருக்க வேண்டுமே, யார் எழுதினார்கள்?

இன்னொரு யோசனையையும் சொல்லிவிடுகிறேன், மடலோடு சேர்ந்து வந்தது. நெல் விளையாத தோட்டத்தில், ஒரு முழம் வயலும் சொந்தமில்லாதவர்கள் ஏன் பொங்கல் கொண்டாடுகிறோம் என்று சிலர் கேட்பதுண்டு. ஊரிலிருந்து கொண்டு வந்த பழக்கம் என்று பதில் சொல்லிவிட்டுப் போவோம். தேயிலை மலைக்கு அந்தப் பதில் பொருந்தலாம். பால் வெட்டுகிறவளுக்குச் சூரியன் வெறும் ஊர்ப்பழக்கமா? பட்டை காய்ந்தால்தான் கத்தி இறங்கும், கத்தி இறங்கினால்தான் பேர் விழும். வயற்காரன் அறுப்பு முடிந்து வருஷத்துக்கு ஒரு முறை நன்றி சொல்கிறான். நம் வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு நாளும் இருட்டில் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்கிறார்கள். சூரியப் பொங்கலுக்கு நம்மைவிட உரிமையுள்ளவர்கள் யாரென்று எனக்குத் தோன்றவில்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் யாரும் இப்போது காட் போடுவதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வட்ஸ்அப்பில் ஜிகினாப் பானை பொங்கி வழிகிறது. அதைக் குறை சொல்லி நாலு வரி எழுதினால் கைதட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். போனில் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறீர்கள். கிளாக்கரும் கணக்கப்பிள்ளையும் நடுவில் இல்லை. குவைத்தில் ஒரு மகள் அழுதால் பெரட்டுக் களத்துக்குத் தெரிவதில்லை. இது எங்கள் தலைமுறைக்குக் கிடைக்காத சுதந்திரம்.

ஆனால் போனில் வராதவை இருக்கின்றன. பரீட்சை அனுமதி அட்டை தபாலில் வருகிறது. பல்கலைக்கழகக் கடிதம், நேர்முகப் பரீட்சைக் கடிதம், நீதிமன்ற அழைப்பு, வங்கிக் கடிதம், வாக்காளர் அட்டை என்று பலவும் இன்னும் தபால்தான். இவை இன்னும் பல தோட்டங்களில் அதே பைக்குள், அதே ஆபீஸ் மூலைக்குத்தான் வருகின்றன. சில இடங்களுக்குத் தபால் திணைக்களத்தின் ஆளே வருகிறார், அவருக்கும் ஒரே டிவிசனில் மூன்று ராமாயி, நாலு செல்வராஜ் இருந்தால் யாரிடம் கொடுப்பது? ஏனென்றால் நமக்கு விலாசம் என்று எழுதப்படுவது பெயர், டிவிசன், தோட்டம், டவுன். அவ்வளவுதான். வீட்டு இலக்கம் இல்லை, தெருப்பெயர் இல்லை. நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கடிதம் கைக்கு வந்த பிள்ளை ஒருத்தி எனக்குத் தெரிந்தவள்.

இலக்கம் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் சோம்பல் மட்டுமில்லை. நிலம் அரசாங்கத்துடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளுடையது, லயம் தோட்டத்தின் சொத்து. அதில் நாலு தலைமுறை இருந்தவர் சொந்தக்காரரும் இல்லை, வாடகைக்காரரும் இல்லை. வீட்டுக்கு இலக்கமும் பாதைக்குப் பெயரும் கொடுக்க வேண்டியது பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை செலவு செய்யத் தடையாக இருந்தது, அதைச் சாக்காகச் சொல்லியே காலம் போனது. 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. சாக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன, இலக்கம் வரவில்லை.

இஸ்தோப்பு யோசனை எனக்குச் சொல்லித் தந்த ஒரு வழி இருக்கிறது. வருகிற பொங்கலுக்கு, தோட்டத்தை விட்டுப் போன ஒவ்வொருவரும் வீட்டுக்கு ஒரு வாழ்த்து மடல் போடுங்கள். அன்புக்காக என்று நான் சொல்லவில்லை, அன்புக்குத்தான் போன் இருக்கிறதே. இது ஒரு பரிசோதனை. காட் வராமல் போனால் நஷ்டம் சிறியது. பல்கலைக்கழகக் கடிதம் வராமல் போவதற்கு முந்தியே பை எங்கே ஓட்டையாக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

எழுதும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். அப்பா பெயரில் போடாதீர்கள், அம்மா பெயரில் போடுங்கள். அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயர். பல அம்மாமாருக்குத் தங்கள் பெயர் எழுதிய உறை ஒன்று வாழ்நாளில் வந்திருக்காது. டிவிசன் பெயருக்குக் கீழே லய இலக்கம், காம்பரா இலக்கம் இரண்டையும் எழுதுங்கள். லயத்துக்கு இலக்கம் இல்லையென்றால் வீட்டில் இருக்கிற தம்பி தங்கச்சியிடம் சொல்லி, மேலிருந்து கீழாக எண்ணி ஒன்றைக் கொடுத்துச் சுவரில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. டவுன் பெயரோடு தபால் குறியீட்டையும் போடுங்கள், இரத்தினபுரி மாவட்டத்துக்கு 70இலும் கேகாலைக்கு 71இலும் தொடங்கும் ஐந்து இலக்கம். பின்பக்கம் உங்கள் விலாசம். 2022 ஓகஸ்டில் சாதாரணக் கடிதத்துக்கான முத்திரை 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயானது, இப்போது எவ்வளவு என்று தபால் கந்தோரில் கேட்டு ஒட்டுங்கள். உறையையும் ஒட்டிவிடுங்கள்.

கொழும்பில் இருப்பவர்கள் மார்கழி நடுவிலும் வெளிநாட்டில் இருப்பவர்கள் அதற்கு ஒரு மாதம் முந்தியும் போடுங்கள். காட் கைக்கு வந்த திகதியை உறையின் மேல் எழுதி வைக்கும்படி வீட்டில் சொல்லுங்கள். முத்திரையில் குத்திய திகதியும் அதுவும் அருகருகே இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை. யார் பிரித்துப் பார்த்திருந்தாலும் அதுவும் உறையில் தெரியும். வராத காட்களின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு டிவிசனிலும் ஒருவர் வைத்துக்கொள்ளட்டும்.

அந்த உறைகளையும் பட்டியலையும் எனக்கு அனுப்ப வேண்டாம். 2025 மே மாதத் தேர்தலில் நீங்கள் பஸ் ஏறி வந்து வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த பிரதேச சபை உறுப்பினரிடம் மாசிக்குள் கொண்டுபோய்க் கொடுத்து, எங்கள் காம்பராவுக்கு இலக்கம் எப்போது என்று எழுத்தில் கேளுங்கள்.

இப்படிக்கு,
எட்டியாந்தோட்டைப் பக்கத்திலிருந்து
உங்கள் பழைய மாஸ்டர்